மன்னித்தால் பங்கையும் விட வேண்டுமா?

கேள்வி: பாகப்பிரிவினையில் என்னை ஏமாற்றிய அண்ணனை மன்னிக்கும்படி உறவினர்கள் வற்புறுத்துகிறார்கள். மன்னித்தால் என் பங்கையும் விட்டுக்கொடுத்ததாக ஆகிவிடாதா?
– வாசகி, கும்பகோணம்

பதில்: ஆகாது. 1999 ஜனவரியில் ஒடிசாவின் மனோகர்பூர் கிராமத்தில், தொழுநோயாளிகளுக்குத் தொண்டாற்றிவந்த ஆஸ்திரேலியப் பாதிரியார் கிரஹாம் ஸ்டெயின்ஸும் அவருடைய இரு சிறு மகன்களும் வண்டிக்குள் உறங்கிக்கொண்டிருந்தபோது உயிருடன் எரிக்கப்பட்டனர். கொன்றவர்களை மன்னித்துவிட்டதாக அறிவித்த அவருடைய மனைவி கிளாடிஸ், மகளை அழைத்துக்கொண்டு உடனே ஆஸ்திரேலியாவுக்குத் திரும்பிவிடாமல், பாரிபடாவில் தொழுநோயாளிகளுக்கான பணியைப் பல ஆண்டுகள் தொடர்ந்தார். 2005இல் இந்திய அரசு அவருக்குப் பத்மஸ்ரீ விருது வழங்கியது. ஆயினும் அந்த மன்னிப்பால் வழக்கு நின்றுவிடவில்லை. முதன்மைக் குற்றவாளியின் ஆயுள் தண்டனையை 2011இல் உச்ச நீதிமன்றம் உறுதிசெய்தது.

மனத்தின் பகையையும் சட்டத்தின் உரிமையையும் உங்கள் உறவினர்கள் (பாகம் பிரித்த அன்று இவர்களில் எத்தனை பேர் வாய் திறந்தார்களோ!) ஒன்றாகப் போட்டுக் குழப்புகிறார்கள். அண்ணனின் பெயரைக் கேட்டவுடன் எழும் கசப்பு ஒரே நாளில் அடங்காது. ஆனால் அவருக்குக் கேடு நினைப்பதையும், அவரைப் பற்றி ஊரெல்லாம் புறங்கூறுவதையும் இன்றே நிறுத்தலாம். பங்குக்காக வழக்கறிஞரைப் பாருங்கள். அண்ணன் வீட்டுத் திருமணத்துக்கு அழைப்பு வந்தால், அத்தையாக முன்நின்று பிள்ளைகளை வாழ்த்திவிட்டு வாருங்கள்.