வாசகர் கேள்வி: பெய்ரூட் கார் குண்டு யாருக்கு வச்சது?

கேள்வி: ஐயா, என்ட சித்தி பெய்ரூட்ல ஒரு வீட்டில வேலை செஞ்சவ. 2012ல அஷ்ரஃபியே பக்கம் கார் குண்டு வெடிச்சு அவ நிண்ட வீட்டுக் கண்ணாடியெல்லாம் கொட்டினதாம், சிரியா சண்டைதான் காரணம் எண்டுவா. சண்டை அங்க, குண்டு ஏன் இங்க?
– வாசகி, கொட்டாஞ்சேனை

பதில்: சித்தி சொல்றது சரி தங்கச்சி. 2012 ஒக்டோபர் 19, வெள்ளிக்கிழமை பின்நேரம். செத்தவர் விஸாம் அல் ஹஸன், லெபனான் உள்நாட்டுப் பாதுகாப்புப் படையின்ட உளவுப் பிரிவுத் தலைவர். முதல் நாள் இரவுதான் வெளிநாட்டில இருந்து வந்தவர், ஆள் தெரியக்கூடாதெண்டு சாதாரண கார்ல போயிருக்கார், ரோட்டோரம் பார்க் பண்ணி வச்சிருந்த கார் வெடிச்சிது.

ஏன் அவர் எண்டு கேட்டா, அந்த ஓகஸ்ட்ல மிஷெல் சமாஹா எண்ட முன்னாள் அமைச்சரைப் பிடிச்சது இவரின்ட ஆக்கள்தான். சமாஹா அப்ப சிரியா ஜனாதிபதியா இருந்த அசாத்துக்கு நல்ல நெருக்கம், சிரியாவில இருந்து தன்ட கார்லயே வெடிமருந்து கொண்டு வந்து லெபனானுக்குள்ள வெடிக்க வைக்கப் பார்த்தார் எண்டு கேஸ். (முதல்ல நாலரை வருஷம்தான் குடுத்தாங்க, சனம் கொதிச்சுது, பிறகு 2016ல 13 வருஷம்.)

சிரியா தலைநகர் டமாஸ்கஸ் பெய்ரூட்டில இருந்து ரோட்டால நூறு கிலோமீட்டர் சொச்சம், நாங்க கண்டிக்குப் போற தூரம்தான். ஆனா தூரத்தை விட முக்கியம், சிரியா ஆமி 1976ல வந்து 2005 வரைக்கும் லெபனானுக்குள்ளயே இருந்தது, லெபனான் முன்னாள் பிரதமர் ரஃபிக் ஹரிரியை லொறிக் குண்டில முடிச்ச பிறகு சனம் ரோட்டுக்கு இறங்கித்தான் அதை அனுப்பினது. ஆமி போச்சு, ஆமியோட சேர்ந்த ஆக்கள் போகேல்ல. லெபனான் ஷியா ஆயுத இயக்கம் ஹிஸ்புல்லா அசாத் பக்கம் நிண்டது, ஹரிரி ஆக்கள் எதிர்ப்பக்கம், அதால பக்கத்து வீட்டுச் சண்டை எல்லையால வரத் தேவையிருக்கேல்ல, உள்ளுக்குள்ளயே கதவைத் திறந்துவிட ஆள் இருந்தது.

கேள்வி: எங்கட கொழும்பு மத்திய வங்கிக் குண்டுக்கும் இதுக்கும் என்ன வித்தியாசம்?
– வாசகர், வெள்ளவத்தை

பதில்: 1996 ஜனவரி 31 புலிகள் அனுப்பினது லொறி, 91 பேர் செத்து 1,400 பேருக்கு மேல காயம். அது எங்கட நாட்டுக்குள்ள எங்கட சண்டை, இலக்கு கட்டிடம். அஷ்ரஃபியேல இலக்கு ஒரு மனுசன், எண்டாலும் சம்பந்தமே இல்லாத ஒரு பொம்பிளையும் அதில போயிட்டா. அடுத்த நாள் கதையும் வேற. இங்க குண்டு வெடிச்சா வெள்ளவத்தை லொட்ஜ்ல நிண்ட தமிழ் ஆக்களுக்கு ஐடென்டிட்டி கார்ட் செக்கிங், பொலிஸ் பதிவு, இதெல்லாம் உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்ல. அங்க டயர் எரிஞ்சுது, லெபனான் வடக்கில திரிப்போலி நகரத்தில சுன்னி ஆக்கள் இருக்கிற பாப் அல் தப்பானேயும் அசாத்தின்ட மதப்பிரிவான அலவி ஆக்கள் இருக்கிற ஜபல் மொஹ்சனும் ஆளுக்காள் சுடத் தொடங்கிட்டினம்.

கேள்வி: செய்தது யார்?
– அதே வாசகர்

பதில்: ரஃபிக் ஹரிரியின்ட மகன் சாட் ஹரிரி நேரா அசாத் எண்டார், டமாஸ்கஸ் கண்டனம் சொல்லிக் கையைக் கழுவிட்டுது. செத்தவரை ரஃபிக் ஹரிரிக்குப் பக்கத்தில அடக்கம் பண்ணின கையோட கூட்டம் ஹிஸ்புல்லா ஆதரவில ஆட்சி நடத்தின பிரதமர் மிகாத்தியின்ட ஒஃபிசுக்குப் பாயப் பார்த்தது, கண்ணீர்ப்புகை அடிச்சுத்தான் கலைச்சாங்க. மிகாத்தி விலகுறன் எண்டார், ஜனாதிபதி சுலைமான் பொறுங்கோ எண்டார், மனுசன் 2013 மார்ச்லதான் பதவி விலகினார், அதுவும் வேற பிரச்சினைக்கு.