சிலிண்டரின் எடை

வணக்கம் சார்,

பல வருடங்களாக உங்களைப் படிக்கிறேன், எழுதுவது இதுதான் முதல் தடவை. ஆறு வருடமாக ஏசி சர்வீஸ் செய்கிறேன். தனியாளாக ஆரம்பித்தேன், இப்போது என்னிடம் மூன்று பையன்கள் வேலை பார்க்கிறார்கள். போட்ட பணத்தில் பாதி என் மச்சானுடையது.

‘நேர்மையாகச் செய்கிற தொழில் நிற்கும்’ என்று போன மாதம் எழுதியிருந்தீர்கள். அதை மச்சானிடம் படித்துக் காட்டினேன். “ஆமா, நிக்கத்தான் போகுது, நகரவே நகராது” என்றார்.

ஏசி குளிரவில்லை என்று கூப்பிடுவார்கள். போய்ப் பார்த்தால் பெரும்பாலும் ஃபில்டரில் தூசி அடைத்திருக்கும், இல்லையென்றால் மோட்டாரை ஓடவைக்கும் கெப்பாசிட்டர் போயிருக்கும். சரிசெய்துவிட்டு அதற்கு உண்டானதை மட்டும் வாங்கிக்கொண்டு வருவேன். இப்போது புதிதாக ஒருவர் வந்திருக்கிறார். சர்வீஸுக்கு என்னைவிடக் குறைத்துச் சொல்லி உள்ளே போகிறார், அப்புறம் ‘கேஸ் போச்சு’ என்று பெரிய பில் போடுகிறார். நான்கு வருடம் என்னிடம் இருந்த ஒருவர் அவரிடம் மாறிவிட்டார். என்னிடமே சொல்கிறார்: “அவர் நல்லா பண்றார் தம்பி, கேஸெல்லாம் போட்டுக் கொடுத்தார். நீங்க சும்மா கழுவிட்டுப் போயிடுவீங்க.” சீசனில் நான் போய்ச் சேர இரண்டு நாள் ஆகிவிடும், அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம்.

இன்னொன்று. போன வாரம், ஏசியில் போடுகிற கேஸ் இருக்கும் சிலிண்டரை எடை போட்டேன். பில்லில் எழுதியிருந்த கேஸுக்கும் சிலிண்டரில் குறைந்த எடைக்கும் ஒத்துவரவில்லை. விசாரித்ததில், ஒரு பையன் ஒரு வீட்டில் கேஸ் போடாமலே போட்டதாகப் பில் எழுதியிருக்கிறான். பில் தொகையில் பத்தில் ஒரு பங்கு பையன்களுக்கு என்று வைத்திருக்கிறேன், அதற்கு ஆசைப்பட்டிருக்கிறான். திட்டினேன், அழுதான். அந்த வீட்டு அம்மாவுக்கு இது எதுவும் தெரியாது, ஏசி நன்றாகக் குளிர்கிறது. சொன்னால் ஆறு வருடப் பெயர் போய்விடும் என்கிறார் மச்சான். சொல்லவா, விடவா? நேர்மைக்குப் பலன் உண்டா என்று உண்மையைச் சொல்லுங்கள் சார், ஆறுதல் வேண்டாம்.

பெயர் போட வேண்டாம்.

ர.

*

அன்புள்ள ர.,

மச்சானின் கிண்டலை ரசித்தேன். ‘நிற்கும்’ என்று எழுதியபோது அதற்கு அப்படியும் ஒரு அர்த்தம் இருப்பது எனக்குத் தோன்றவில்லை. அந்த வரியை நான் அவ்வளவு சுலபமாக எழுதியிருக்கவும் கூடாது. நேர்மையாக நடந்தும் மூடிப்போன தொழில்கள் உண்டு. மூடிப்போனவர்கள் பேட்டி கொடுப்பதில்லை, அதனால் அவர்கள் நம் கண்ணில் படுவதில்லை.

உங்களை விட்டுப் போன அந்த வாடிக்கையாளர் சொன்னதிலிருந்து தொடங்குகிறேன். அவர் ஏமாளி என்று உங்களுக்குத் தோன்றுகிறது. அவர் இடத்தில் நின்று பாருங்கள். ஒருவர் வந்தார், மூடியைக் கழற்றினார், கழுவினார், மாட்டினார், போனார். இன்னொருவர் சிலிண்டரைத் தூக்கிக்கொண்டு வந்தார், அழுத்தம் காட்டும் கேஜை மாட்டினார், உஸ்ஸென்று ஒரு சத்தம், முள் நகர்ந்தது, “பாருங்க சார், இப்ப ஏறிடுச்சு” என்றார். இருவரில் யார் வந்துபோனாலும் ஏசி குளிர்ந்தது. யார் வேலை பார்த்ததாக அவர் நினைப்பார்?

நாம் காசு கொடுத்து வாங்குவதில் சில, வாங்கும் முன்பே கையால் தொட்டுப் பார்த்துத் தெரிந்துகொள்ளக் கூடியவை. துணி அப்படி. சில, பயன்படுத்திப் பார்த்தால் தெரிந்துவிடும். செருப்பு கடிக்கிறதா இல்லையா என்பது ஒரு வாரத்தில் தெரியும். மூன்றாவதாக ஒரு வகை உண்டு: பயன்படுத்திய பிறகும் தெரியாது. டார்பி, கார்னி என்ற இரண்டு பொருளாதார அறிஞர்கள் 1973-ல் இதைத் தனி வகையாகப் பிரித்து எழுதினார்கள். பல் மருத்துவர், கார் மெக்கானிக், நீங்கள், எல்லாரும் இந்த வகைதான். பல்லைப் பிடுங்கிய பிறகு வலி போய்விடும். பிடுங்காமலே போயிருக்குமா என்று நோயாளிக்கு ஆயுசுக்கும் தெரியாது.

உங்கள் தொழிலில் இது இன்னும் மோசம். ஏசிக்குள் இருக்கும் கேஸ் அடைபட்ட குழாய்க்குள்ளேயே சுற்றிச் சுற்றி வருகிறது. பெட்ரோல் மாதிரி எரிந்து தீர்வதில்லை. குறைந்திருக்கிறது என்றால் எங்கோ கசிகிறது. கசிவைக் கண்டுபிடிக்காமல் கேஸ் போடுவது ஓட்டைக் குடத்தில் தண்ணீர் ஊற்றுகிற வேலை. குழாயில் பனி பிடித்திருப்பதைக் காட்டி ‘கேஸ் கம்மி’ என்று சொல்வார்கள். ஃபில்டர் அடைத்துக் காற்று போகாவிட்டாலும் பனி பிடிக்கத்தான் செய்யும். இதெல்லாம் எனக்கே சமீபத்தில்தான் தெரியும். உங்களுக்கு ஆறு வருடமாகத் தெரியும். ஒரு கேள்வி கேட்கிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள்: இந்த ஆறு வருடத்தில் எத்தனை வீட்டில் இதை உட்கார்ந்து சொல்லியிருக்கிறீர்கள்?

ஜார்ஜ் அகர்லாஃப் என்ற அமெரிக்கப் பொருளாதார அறிஞர் 1970-ல் பழைய கார் சந்தையைப் பற்றி ஒரு கட்டுரை வெளியிட்டார். அதற்கு முன் மூன்று ஆய்விதழ்கள் அதைத் திருப்பி அனுப்பியிருந்தன. 2001-ல் நோபல் பரிசு கிடைத்தது. அவர் சொன்னதைச் சுருக்கினால் இவ்வளவுதான்: நல்ல காரையும் ஓட்டைக் காரையும் வாங்குகிறவரால் பிரித்தறிய முடியவில்லை என்றால், அவர் இரண்டுக்கும் நடுவில் ஒரு விலைதான் சொல்வார். அந்த விலை நல்ல கார்க்காரருக்குக் கட்டுப்படியாகாது, அவர் சந்தையை விட்டுப் போய்விடுவார். மிஞ்சுவது ஓட்டைக் கார். உங்கள் மச்சான் அந்தக் கட்டுரையைப் படிக்காமலே அதைத்தான் சொல்கிறார். ஆனால் எல்லாம் அந்தப் ‘பிரித்தறிய முடியவில்லை என்றால்’ என்பதில் இருக்கிறது.

என் அனுபவம் ஒன்று. பல வருடங்களுக்கு முன் எங்கள் வாஷிங் மெஷின் தண்ணீரை வெளியேற்றாமல் நின்றுவிட்டது. முதலில் வந்தவர் ஐந்து நிமிடம் பார்த்துவிட்டு, போர்டு போய்விட்டது, மாற்ற வேண்டும் என்றார். யோசித்துச் சொல்கிறேன் என்று அனுப்பிவிட்டேன். அடுத்து வந்தவர் கீழே ஒரு சின்ன மூடியைத் திருகிக் கழற்றினார். தரையெல்லாம் தண்ணீர். விரலை விட்டுத் துழாவி எதையோ எடுத்துத் துடைத்து என் உள்ளங்கையில் வைத்தார். என் சட்டைப் பொத்தான். “இதுதான் சார் உங்க போர்டு” என்றார். வந்துபோன கூலியை மட்டும் வாங்கிக்கொண்டார். இன்றுவரை வேறு யாரையும் நான் கூப்பிட்டதில்லை, அவர் நம்பரை எத்தனை பேருக்குக் கொடுத்திருப்பேன் என்று கணக்கில்லை.

அந்த மனிதர் பொத்தானை எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, ‘அடைப்பு இருந்தது சார், எடுத்தாச்சு’ என்று சொல்லிவிட்டுப் போயிருந்தாலும் அதே அளவு நேர்மையானவர்தான். ஆனால் எனக்கு அது தெரிந்திருக்காது. நீங்கள் ஆறு வருடமாகப் பொத்தானைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு வருகிறீர்கள் என்று நினைக்கிறேன்.

கழுவுவதற்கு முன் ஃபில்டரை வீட்டுக்காரர் கண்முன் தூக்கிப் பிடித்து, வெளிச்சம் ஊடுருவுகிறதா என்று காட்டுங்கள். மாற்றிய கெப்பாசிட்டரை அவர் கையிலேயே கொடுத்துவிடுங்கள், வேண்டாம் என்றால் அவரே தூக்கிப் போடட்டும். கேஸ் உண்மையிலேயே குறைந்திருந்தால் சோப்பு நுரை போட்டுக் குமிழி வருகிற இடத்தைக் காட்டுங்கள். எல்லாவற்றையும்விட முக்கியம், நீங்கள் திருட்டைக் கண்டுபிடித்த அந்தத் தராசு. அது ஏன் உங்கள் கடைக்குள் இருக்கிறது? சிலிண்டரை வீட்டு வாசலிலேயே, போடும் முன் ஒரு தடவை, போட்ட பின் ஒரு தடவை எடை போட்டு, இரண்டு எண்ணையும் பில்லில் எழுதுங்கள். பத்து வீட்டில் இப்படிச் செய்தால், அந்தப் பத்துப் பேரும் அடுத்து யார் வந்தாலும் “எடை போடலையா?” என்று கேட்பார்கள். உங்கள் போட்டியாளரிடமும் கேட்பார்கள். அவருக்கு அது சங்கடம், உங்களுக்கு ஒன்றுமில்லை.

வள்ளுவர் வணிகருக்குச் சொன்ன குறள் பொருள் செயல்வகை அதிகாரத்தில் இல்லை. நடுவுநிலைமையில், 120-ஆவது குறளாக இருக்கிறது: பிறர் பொருளையும் தன் பொருள் போலப் பேணுவதே வணிகம் என்கிறது. இரண்டு குறள் முன்னால் போனால் 118-ல் ஒரு பக்கம் சாயாத தராசு வருகிறது. உங்கள் கடிதத்தைப் படித்தபோது இதுதான் முதலில் நினைவுக்கு வந்தது.

இப்போது பலன். 17-ஆம் நூற்றாண்டின் நடுவில் இங்கிலாந்தில் குவேக்கர்கள் என்று ஒரு கிறிஸ்தவப் பிரிவினர் உருவானார்கள். ஒரு விலை சொல்லிவிட்டு இன்னொரு விலைக்கு இறங்கினால் முதலில் சொன்னது பொய்தானே என்று நினைத்தவர்கள். அதனால் ஒரே விலை, பேரமே கிடையாது. யாருக்கும் தொப்பியைக் கழற்றி மரியாதை செய்யவும் மாட்டார்கள். ஆரம்பத்தில் அவர்களுடைய வாடிக்கை போய்விட்டது, ரொட்டி வாங்கக்கூடச் சிலருக்குக் காசு புரளவில்லை என்று அந்த இயக்கத்தைத் தொடங்கிய ஜார்ஜ் ஃபாக்ஸே எழுதியிருக்கிறார். பிறகு, அவர்கள் கடைக்குச் சின்னக் குழந்தையை அனுப்பினாலும் ஏமாற்ற மாட்டார்கள் என்று ஜனங்களுக்குத் தெரிந்துபோனது. கூட்டம் அங்கே போக ஆரம்பித்தது, மற்ற வியாபாரிகள் பொருமினார்கள். இதில் நான் கவனிப்பது அந்த ஒரே விலையைத்தான். குழந்தை கொடுத்துவிட்டு வந்த காசையும் பக்கத்து வீட்டுக்காரர் கொடுத்த காசையும் ஒப்பிட்டுப் பார்க்க முடிந்தது. அவர்கள் மனசு சுத்தம் என்று ஊர் யூகிக்க வேண்டியிருக்கவில்லை. நடுவில் எத்தனை நாள் காசில்லாமல் கிடந்தார்கள் என்பதையும் மறக்க வேண்டாம். உங்களுக்கு அது எத்தனை நாள் என்று என்னால் சொல்ல முடியாது. மச்சானோடு உட்கார்ந்து, கையில் இருக்கும் பணம் எத்தனை மாதம் தாங்கும் என்று கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

அந்த இரண்டு நாள் விஷயம். நேர்மையாக இருப்பதால் தாமதமாக வரலாம் என்று நம்மில் பலருக்கு ஒரு நினைப்பு இருக்கிறது. ஏசி ஓடாத வீட்டில் இரண்டு ராத்திரி தூங்காமல் கிடப்பவருக்கு உங்கள் நேர்மை எதற்கு? முடியாது என்றால் போனிலேயே ‘வியாழக்கிழமைதான் வர முடியும், அவசரம் என்றால் வேறு ஆளைப் பாருங்கள்’ என்று சொல்லிவிடுங்கள்.

கடிதத்தில் நீங்கள் ஒரே வரியில் தாண்டிப்போன இடத்துக்கு வருகிறேன். பில் தொகையில் பத்தில் ஒரு பங்கு.

சியர்ஸ் என்ற அமெரிக்க நிறுவனம் 19-ஆம் நூற்றாண்டின் கடைசியில் தபாலில் பொருள் விற்று வளர்ந்தது. எங்கோ கிராமத்தில் இருக்கும் விவசாயி, பொருளைக் கண்ணால் பார்க்காமல், அச்சடித்த பட்டியலை நம்பிப் பணம் அனுப்பினார். திருப்தியில்லை என்றால் பணம் வாபஸ் என்ற வாக்குதான் அவர்களுடைய மூலதனம். 1992-ல் கலிபோர்னியா மாநில அரசு, அதே நிறுவனத்தின் கார் பழுதுபார்க்கும் நிலையங்களுக்குச் சாதாரண வாடிக்கையாளர்கள் மாதிரி ஆட்களை அனுப்பிப் பார்த்தது. போன இடங்களில் பெரும்பாலும், தேவையில்லாத வேலைக்குப் பில் விழுந்தது. அத்தனை ஊழியர்களும் ஒரே நாளில் திருடர்களாகிவிடவில்லை. இத்தனை உதிரிபாகம் விற்க வேண்டும் என்று இலக்கு வைத்திருந்தார்கள், விற்றால் கமிஷன். அந்த முறைதான் கோளாறு என்று நிறுவனத்தின் தலைவரே ஒப்புக்கொண்டு கமிஷனை நீக்கினார். (2018-ல் அவர்கள் திவால் மனு கொடுத்ததற்கு வேறு பல காரணங்கள் உண்டு. அதை இதன் தலையில் கட்ட மாட்டேன்.)

உங்கள் பையன் ஃபில்டரைக் கழுவிவிட்டு, வேறொன்றும் இல்லை என்று உண்மையைச் சொன்னால் அவன் கைக்கு வருவது சொற்பம். கேஸ் என்று எழுதினால் நல்ல காசு. அவன் உண்மை பேசுகிற ஒவ்வொரு வீட்டிலும் நீங்கள் அவனுக்கு அபராதம் போட்டுக்கொண்டிருக்கிறீர்கள். செய்தது தப்புதான், திட்டியதும் சரி. ஆனால் கணக்கை நீங்கள்தான் எழுதிவைத்தீர்கள். சம்பளத்தை ஒரே தொகையாக ஆக்கிவிட்டு, சர்வீஸ் செய்த ஏசி குறிப்பிட்ட நாள்வரை அதே புகாரோடு திரும்ப வராவிட்டால் ஊக்கத்தொகை என்று மாற்றிப் பாருங்கள். அதிலும் ஓட்டை உண்டு, புகார் வந்தால் அமுக்கப் பார்ப்பார்கள். அதனால் புகார் போன் மட்டும் உங்களிடம் இருக்கட்டும்.

அந்த அம்மாவிடம் சொல்லத்தான் வேண்டும். மச்சானின் பயம் அர்த்தமில்லாதது என்று சொல்ல மாட்டேன். அந்த அம்மா நாலு பேரிடம் சொல்லலாம், அந்த நாலு பேர் காதில் ‘கேஸ் போடாமல் ஏமாற்றினார்கள்’ என்பது மட்டும் விழலாம். ஆனால் இது யாருக்கும் தெரியாத ரகசியம் என்று நினைக்காதீர்கள். பையனுக்குத் தெரியும், மற்ற இருவருக்கும் இதற்குள் தெரிந்திருக்கும். நீங்கள் என்ன செய்கிறீர்கள் என்று மூன்று பேர் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். நாளைக்கு மூன்று வீட்டுக்குள் உங்கள் பெயரில் நுழையப் போகிறவர்கள் அவர்கள்தான்.

நேரில் போங்கள், அவனையும் கூட்டிக்கொண்டு போங்கள், பேசுவது நீங்களாக இருக்கட்டும். ‘கணக்கில் சின்னப் பிழை’ என்றெல்லாம் பூசி மெழுகாதீர்கள். ‘கேஸ் போடவில்லை, போட்டதாகப் பில் போட்டுவிட்டோம்’ என்று சொல்லுங்கள். போட்டோம் என்று சொல்லுங்கள், போட்டான் என்று சொல்லாதீர்கள். வாங்கியதை முழுசாகத் திருப்பிக் கொடுங்கள். அடுத்த சர்வீஸ் இலவசம் என்று அங்கே ஆரம்பிக்க வேண்டாம், வியாபாரம் பேச வந்த மாதிரி ஆகிவிடும்.

அப்புறம், கிளம்பும் முன் அந்த ஏசியை ஒருமுறை கேஜ் மாட்டிப் பார்த்துவிடுங்கள். கேஸ் உண்மையில் சரியாக இருக்கிறதா என்று அந்தப் பையன் அன்றைக்குப் பார்த்திருக்க மாட்டான்.