சுவரைப் பார்த்த பிறகு ரோலர் வாங்குங்கள்: செட்டிநாட்டு வீட்டின் உட்சுவர்களுக்கு வண்ணம் பூச ஏற்ற கருவிகள்

கேள்வி: கானாடுகாத்தானில் எங்கள் பங்குக்கு வந்த பழைய வீட்டில் வளவுச் (நடுமுற்றத்தைச் சுற்றிய பகுதி) சுவர்கள் இன்னும் பளபளப்பாக இருக்கின்றன. அதற்குப் பின்னால் உள்ள இரண்டாங்கட்டு அறைகள் சுண்ணாம்பு அடித்தவை. பின்பக்கம் அண்மையில் சிமெண்டில் கட்டிய இரண்டு அறைகளுக்குப் பட்டி (சுவரை வழுவழுப்பாக்கும் புட்டிப் பூச்சு) பார்த்து முடித்துவிட்டோம். பங்குனியில் வீட்டில் விசேஷம் இருக்கிறது. ஆள் வைக்காமல் நாங்களே வண்ணம் பூச விரும்புகிறோம். கடையில் பல வகை ரோலர்களையும் பிரஷ்களையும் காட்டுகிறார்கள். எவற்றை வாங்குவது?

பதில்: உங்கள் வீட்டில் மூன்று வகைச் சுவர்கள் இருக்கின்றன, கடையில் காட்டிய ரோலர்கள் அவற்றுள் ஒரு வகைக்குத்தான் பொருந்தும். ஆகவே பணத்தை எடுப்பதற்கு முன் ஒவ்வோர் அறையிலும் சுவரை உள்ளங்கையால் அழுத்தித் தேய்த்துப் பாருங்கள். கையில் வெள்ளைத் தூள் ஒட்டினால் மேலே இருப்பது சுண்ணாம்பு அல்லது பழைய டிஸ்டம்பர். தூள் ஒட்டாமல், கண்ணாடியைத் தொட்டதுபோல் குளிர்ச்சியாகவும் வழுவழுப்பாகவும் இருந்தால் அது செட்டிநாட்டு மெருகுப் பூச்சு.

அந்த மெருகுச் சுவருக்கு எந்த வண்ணமும் வேண்டாம் என்பதே என் உறுதியான கருத்து. சுண்ணாம்பு, மணல், கடுக்காய், வெல்லம், முட்டை வெண்கரு ஆகியவற்றைக் கொண்டு பல அடுக்குகளாகப் பூசி, கடைசி அடுக்கைக் கையாலேயே தேய்த்துப் பளபளப்பாக்கிய சுவர் அது. அதன்மேல் எமல்ஷன் அடித்தால் பிடிப்பு இருக்காது. சுவருக்குள் இருக்கும் ஈரமும் வெளியேற வழியில்லாமல் பூச்சைக் கொப்புளிக்கச் செய்யும். அது உரியும்போது மெருகையும் சேர்த்துப் பெயர்த்துவிடும். அங்கே தேவைப்படும் கருவிகள் பழைய மெல்லிய பருத்தித் துணியும் நல்ல தண்ணீரும் மட்டுமே. உப்புத்தாள், சுரண்டி, ஆசிட் மூன்றையும் அந்தச் சுவரின் அருகே கொண்டுபோகாதீர்கள். விரிசல் இருந்தால் சுண்ணாம்பு வேலை தெரிந்த கொத்தனாரிடம் விட்டுவிடுங்கள்.

பட்டி பார்த்த புதிய அறைகளில்தான் ரோலருக்கு வேலை. சிமெண்ட் பூச்சு பூசி நான்கு வாரங்களாவது ஆகி, சுவர் முழுவதும் உலர்ந்திருக்க வேண்டும். பட்டியை முதலில் 180 எண் உப்புத்தாளாலும், பிறகு 220 அல்லது 320 எண் தாளாலும் தேய்க்க வேண்டும். தேய்க்கும்போது டார்ச் விளக்கைச் சுவரை ஒட்டிப் பக்கவாட்டில் பிடித்தால் பகலில் தெரியாத மேடு பள்ளங்கள் நிழலாகத் தெரியும். முகக்கவசம் அவசியம், தூசியை ஈரத்துணியால் துடைத்த பிறகே வண்ணத்துக்கு முந்தைய அடிப்பூச்சான பிரைமரை அடிக்க வேண்டும்.

ரோலரை வாங்கும்போது அகலத்தைவிட அதன் பஞ்சின் உயரத்தைக் கவனியுங்கள். வழுவழுப்பான பட்டிச் சுவருக்கு 10 முதல் 12 மில்லிமீட்டர் உயரமுள்ள மைக்ரோஃபைபர் பஞ்சும் 9 அங்குல அகலமும் போதும். அதைவிட உயரமான பஞ்சு சொரசொரப்பான சுவருக்கு உரியது. உங்கள் சுவரில் அது ஆரஞ்சுத் தோலைப் போன்ற புள்ளிகளை விட்டுச் செல்லும். ஸ்பாஞ்ச் ரோலரை எமல்ஷனுக்கு வாங்க வேண்டாம். அது நுரைத்துக் குமிழிகளை உண்டாக்கும். பஞ்சை விரல்களால் அழுத்திவிட்டுப் பாருங்கள். உடனே பழைய நிலைக்கு எழும்ப வேண்டும், இணைப்புத் தையல் விரலுக்குத் தட்டுப்படக் கூடாது. கைப்பிடியின் அடியில் நீளக் கம்பு பொருத்துவதற்கான மரை இருக்கிறதா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள், ஏனெனில் கம்பு இருந்தால் சுவரின் மேல்பகுதிக்காக அடிக்கடி ஏணியில் ஏறி இறங்க வேண்டியதில்லை. புதிய ரோலரின் மேல் மாஸ்கிங் டேப்பைச் சுற்றி உரித்தெடுத்து, பிறகு சோப்பு நீரில் கழுவி உலர்த்திப் பயன்படுத்தினால், தளர்ந்த இழைகள் சுவரில் வந்து ஒட்டாது.

மூலைகளுக்கும் கூரை ஓரத்துக்கும் 2 அங்குல பிரஷ் ஒன்று வேண்டும்; முனை சாய்வாக வெட்டப்பட்டதாக இருந்தால் கோடு நேராக வரும். எமல்ஷன் தண்ணீரில் கலக்கும் வண்ணம் என்பதால் செயற்கை இழை பிரஷையே கேளுங்கள். பன்றி முடி பிரஷ் நீரை உறிஞ்சித் துவண்டுபோகும், அது எண்ணெய் வண்ணமான எனாமலுக்கு உரியது. வாங்கும் முன் இழைகளை விசிறிபோல் விரித்து மெதுவாக இழுத்துப் பாருங்கள். ஓரிரண்டு இழைகள் வரலாம், கொத்தாக வந்தால் வேண்டாம். தட்டு, வாளி, சுரண்டி ஆகியவற்றில் சிக்கனம் பார்க்கலாம். ரோலர் பஞ்சிலும் இந்தச் சிறிய பிரஷிலும் சிக்கனம் பார்த்தால் அது சுவரிலேயே தெரியும்.

மாசி, பங்குனி வெயிலில் நம் பக்கம் வண்ணம் மிக விரைவாக உலர்ந்துவிடும். அறை முழுவதற்கும் பிரஷால் ஓரம் அடித்துவிட்டுப் பிறகு ரோலரை எடுத்தால் இரண்டும் சேருமிடம் பட்டையாகத் தெரியும். ஒரு சுவருக்கு மட்டும் ஓரம் அடித்து, அந்த ஈரம் காய்வதற்குள் அதே சுவரில் ரோலரை ஓட்டி முடியுங்கள். அதுவரை மின்விசிறியை நிறுத்தி வையுங்கள்.

இரண்டாங்கட்டு அறைகளுக்குச் சுண்ணாம்பையே மறுபடியும் அடிப்பது நல்லது. சுண்ணாம்பைச் சுவருக்குள் தேய்த்து ஏற்ற வேண்டும் என்பதால் ரோலர் உதவாது. நார் மட்டையோ, 5 அல்லது 6 அங்குல அகலமுள்ள நைலான் பிரஷோ வாங்குங்கள். விலங்கு முடி பிரஷைச் சுண்ணாம்பின் காரம் நாளடைவில் அரித்துவிடும். உதிரும் பழைய அடுக்குகளை அகலமான சுரண்டியால் நீக்கி, சுண்ணாம்புப் பாலைப் பழைய வேட்டித் துணியில் வடிகட்டி, சுவரில் தண்ணீர் தெளித்து ஈரமாக்கிய பிறகு, மெல்லியதாகப் பல கை அடியுங்கள். அடித்தவுடன் வெளிறிய தண்ணீர்போல்தான் தெரியும். காற்றிலுள்ள கரியமில வாயுவை உறிஞ்சி இறுகும்போதுதான் வெண்மை ஏறும். ஆகவே தெரியவில்லையே என்று கெட்டியாக அடிக்காதீர்கள், கெட்டியாக அடித்தது உதிரும். கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடியும் ரப்பர் கையுறையும் இல்லாமல் இந்த வேலையில் இறங்கக் கூடாது. சுண்ணாம்பு கண்ணில் தெறித்தால் உடனே நிறைய தண்ணீரால் நெடுநேரம் கழுவி, மருத்துவரிடம் செல்ல வேண்டும்.

தரை ஆத்தங்குடிக் கல்லாக இருந்தால் கூடுதல் கவனம் வேண்டும். அது சிமெண்டால் செய்யப்பட்டது என்பதால் சிந்திய வண்ணத்தை உள்ளே இழுத்துக்கொள்ளும். கீழே பிளாஸ்டிக் தாளும், அதன்மேல் பழைய போர்வைகளும் விரியுங்கள். ஏணியை மட்டும் விரிப்பின்மேல் நிறுத்தாதீர்கள், வழுக்கும். விரிப்பை விலக்கி, ரப்பர் பாதமுள்ள ஏணியை நேரே தரையில் ஊன்றி, ஒருவர் பிடித்துக்கொள்ள வேண்டும்.

கதவு, நிலைகளில் பழைய எனாமல் இருந்தால் அதை உலர் உப்புத்தாளால் தேய்க்க வேண்டாம். வீட்டு வண்ணங்களில் ஈயத்தின் அளவைப் பத்து லட்சத்தில் 90 பங்குக்குள் கட்டுப்படுத்தும் விதி 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முந்தைய எனாமலில் ஈயம் மிகுதியாக இருக்கக்கூடும், அந்தத் தூசி குழந்தைகளுக்கு மிகவும் கெடுதல். ஈரத்தில் தேய்க்கும் உப்புத்தாளான நீர்த்தாளை நனைத்து ஈரமாகத் தேய்த்து, வழியும் சேற்றைத் துணியால் ஒற்றியெடுத்து, அந்தத் துணியைப் பையில் கட்டி அப்புறப்படுத்துங்கள். வேலை முடியும்வரை குழந்தைகளையும் கருவுற்ற பெண்களையும் அந்தக் கட்டுக்குள் விடாதீர்கள்.

முதல் கைக்கும் இரண்டாம் கைக்கும் இடையில் ரோலரையும் பிரஷையும் கழுவ வேண்டியதில்லை. பிளாஸ்டிக் பையில் காற்றுப் புகாமல் சுற்றி நிழலில் வைத்தால் மறுநாள் காலைவரை காயாது. வேலை முடிந்ததும் தண்ணீர் தெளிவாக வரும்வரை கழுவி, பிரஷின் இழைகளை நேராக்கிக் காகிதத்தில் சுற்றித் தொங்கவிடுங்கள்.