பாஸ் கிட்டாரும் மேடை ஒலியும்: கேள்வி பதில்

நாகர்கோவில் தொடங்கி நெய்யாற்றின்கரை வரையுள்ள தேவாலயத் திருவிழா மேடைகளிலும் கோயில் உற்சவக் கானமேளாக்களிலும் இருபத்திரண்டு ஆண்டுகளாகத் தாழ்ந்த சுரங்களுக்கான பாஸ் கிட்டார் வாசித்து வருகிறேன். மேடையில் நல்ல ஒலி கிடைப்பதைப் பற்றி மூன்று நாட்களாக வந்த கேள்விகளுக்கு, வந்த வரிசையிலேயே இங்கே பதில் எழுதுகிறேன். ஒலியைப் பற்றிப் பேசுவதற்கு முன்னால் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். மேடை ஏறியதும் மல்ட்டிமீட்டரை ஏ.சி. வோல்ட்டில் வைத்து, ஒரு முனையைக் கிட்டார் தந்தியிலும் மறுமுனையைப் பாடகர் மைக்கின் வலையிலும் தொட்டுப் பாருங்கள். சுழிக்கு அருகில் காட்டினால் மட்டுமே வாசியுங்கள். 1972-இல் லெஸ் ஹார்வி என்ற ஸ்காட்லாந்து கிட்டார் கலைஞர் எர்த் இல்லாத மைக்கைத் தொட்டு மேடையிலேயே உயிரிழந்தார்.

கேள்வி (கருங்கல்): அண்ணா, எங்கள் ஆலயத்தில் வாசிக்கும்போது ஒரே ஒரு சுரம் மட்டும் கட்டடமே அதிர்வதுபோல் முழங்குகிறது, மற்றவை அடங்கிப் போகின்றன. கிட்டாரில் குறை இருக்கிறதா?

பதில்: கிட்டாரில் குறை இல்லை, கட்டடத்தின் அளவுதான் காரணம். காற்றில் ஒலி நொடிக்கு ஏறத்தாழ 343 மீட்டர் செல்கிறது. தரைக்கும் கான்கிரீட் கூரைக்கும் இடையே 3.5 மீட்டர் உயரம் என்றால், ஒலி மேலே போய்த் திரும்ப 7 மீட்டர் ஆகிறது. 343-ஐ 7-ஆல் வகுத்தால் 49 ஹெர்ட்ஸ், அதாவது நொடிக்கு 49 அதிர்வு வரும். அது நான்கு தந்தி பாஸின் மிகத் தாழ்ந்த ஈ தந்தியில், மூன்றாம் ஃப்ரெட்டில் (கழுத்திலுள்ள மூன்றாம் கட்டையில்) இருக்கும் ஜி சுரம். அந்தச் சுரத்தை வாசிக்கும்போது கூரையில் பட்டுத் திரும்பும் அலை, புதிதாக எழும் அலையோடு சேர்ந்து வலுப்பெறுகிறது. உங்கள் ஆலயத்தின் உயரத்தை அளந்து இதே கணக்கைப் போட்டுப் பாருங்கள். நீளத்துக்கும் அகலத்துக்கும் கூட இதே கணக்குதான்.

விளவங்கோடு பக்கத்தில் ஒரு பங்கு மண்டபத்தில் இதே ஜி சுரத்தோடு நான் இரண்டு ஆண்டுகள் போராடியிருக்கிறேன். முதலில் ஆம்பில் (கிட்டார் ஒலியைப் பெருக்கும் பெட்டியில்) தாழ்ந்த ஒலிக்கான பாஸ் குமிழை முழுவதும் குறைத்தேன். முழக்கம் நின்றது, ஆனால் மற்ற எல்லாச் சுரங்களும் உயிரிழந்து போயின. பிறகுதான் மூன்று வேலைகளைச் சேர்த்துச் செய்தால் சரியாகிறது என்று கண்டுகொண்டேன். ஆம்பை அறையின் மூலையிலிருந்து வெளியே எடுத்து ஒரு பெஞ்சின் மேல் வைத்தேன், ஏனென்றால் மூலையில் இருக்கும் பெட்டி அறையின் எல்லா முழக்கங்களையும் ஒன்றாக எழுப்பிவிடும். எல்லா ஒலிகளையும் கலந்து சரிசெய்யும் மிக்ஸரில் 50 ஹெர்ட்ஸ் அருகே மட்டும் ஒலியைக் குறைக்கும் குறுகலான ஒரு வெட்டு கொடுக்கச் சொன்னேன். மூன்றாவது வேலை கையில் இருக்கிறது. அந்தச் சுரம் வரும் இடங்களில் இடக்கை விரலைச் சற்றே தளர்த்தி, சுரத்தைப் பாதியிலேயே அடக்கிவிட வேண்டும். அலைகள் ஒன்றன்மேல் ஒன்றாகச் சேர நேரம் கொடுக்காவிட்டால் முழக்கம் வளராது.

கேள்வி (குலசேகரம்): திறந்த மைதானத்தில் எனக்கே என் பாஸ் கேட்பதில்லை, அதனால் ஏற்றுகிறேன். எதிரே இருப்பவர்களோ பாஸ் அதிகம் என்கிறார்கள்.

பதில்: எதிரே இருப்பவர்களை நம்புங்கள். ஈ தந்தியைத் திறந்து மீட்டினால் வரும் 41 ஹெர்ட்ஸ் ஒலியின் ஓர் அலை எட்டு மீட்டருக்கும் சற்று அதிக நீளம் கொண்டது. ஆம்ப் உங்கள் முழங்காலுக்குப் பின்னால் இருந்தால், தெளிவைத் தரும் நடு ஒலிகள் கால் உயரத்திலேயே நேராக முன்னே போய்விடும், காதுக்கு ஏறாது. உங்கள் சுரத்தை நீங்கள் அடையாளம் காண்பது 700 முதல் 1000 ஹெர்ட்ஸ் வரையுள்ள அந்தப் பகுதியில்தான். ஆகவே பாஸ் குமிழை ஏற்றாமல் மிட் குமிழை ஏற்றுங்கள், ஆம்பை நாற்காலியின் மேல் வைத்து முகத்தை நோக்கிச் சாய்த்துக் கொள்ளுங்கள்.

மேடையின் பின்புறம் சுவர் இருந்தால் பெட்டியை அதோடு ஒட்டியே வையுங்கள். ஒரு மீட்டர் முன்னால் தள்ளி வைத்தால், சுவரில் பட்டுத் திரும்பும் அலை 86 ஹெர்ட்ஸ் அருகே நேர் அலைக்கு எதிராக வந்து அதை அழித்துவிடும். டி தந்தியின் இரண்டாம், மூன்றாம் ஃப்ரெட் சுரங்கள் மெலிந்து போவதற்குப் பல மேடைகளில் இதுவே காரணமாக இருக்கிறது. ஒலிச் சோதனையின்போது நீளமான கேபிளோடு மைதானத்தில் இறங்கி, நடந்துகொண்டே வாசித்துக் கேளுங்கள். நான் ஒவ்வொரு கச்சேரிக்கும் முன்பு இதைச் செய்கிறேன்.

கேள்வி (தக்கலை): நல்ல ஒலி வர எந்தப் பெடல் வாங்கலாம்?

பதில்: பெடல் வேண்டாம். புதிய தந்தியும் ஒரு டி.ஐ. பாக்ஸும் (கிட்டார் ஒலியை நேராக மிக்ஸருக்கு அனுப்பும் சிறு பெட்டி) வாங்குங்கள்.

கேள்வி (கொல்லங்கோடு): எங்கே வாசித்தாலும் உர்ர் என்ற இரைச்சல் வருகிறது. ஆம்பின் மூன்றாவது பின்னை எடுத்துவிட்டால் நின்றுவிடுகிறது என்று நண்பர் சொன்னார். செய்யலாமா?

பதில்: செய்யவே கூடாது. பிளக்கின் அந்த எர்த் பின்தான் உங்கள் உயிரைக் காக்கிறது. அதை எடுத்துவிட்டால் இரைச்சல் நிற்கலாம், ஆனால் ஆம்புக்குள் ஏதாவது பழுதானால் 230 வோல்ட் உங்கள் தந்தியில் வந்து நிற்கும்.

முதலில் இரைச்சல் எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள். தந்தியைக் கையால் தொட்டதும் குறைந்தால், கிட்டாரின் பிக்கப் (தந்தியின் அதிர்வை மின் ஒலியாக மாற்றும் பாகம்) வெளியிலிருந்து இரைச்சலை வாங்குகிறது என்று பொருள். சீரியல் விளக்குக் கம்பிகளிலிருந்து விலகி நில்லுங்கள். ஜாஸ் பாஸ் வகைக் கிட்டார் என்றால் இரண்டு வால்யூம் குமிழ்களையும் ஒரே அளவில் முழுதாக வையுங்கள், பெரும்பாலான கருவிகளில் ஒரு பிக்கப்பின் இரைச்சலை மற்றது நீக்கிவிடும். தந்தியைத் தொட்டாலும் தொடாவிட்டாலும் மாறாமல் இருந்தால், ஆம்பும் மிக்ஸரும் வெவ்வேறு இடங்களில் எர்த் ஆகி, அவற்றுக்கிடையே ஒரு வளையம் உண்டாகியிருக்கிறது. டி.ஐ. பாக்ஸில் கிரவுண்ட் லிஃப்ட் என்ற பொத்தான் இருக்கும், அதை அழுத்துங்கள். அது ஒலிக் கேபிளின் எர்த்தை மட்டுமே துண்டிக்கிறது, மின்சார எர்த்தைத் தொடுவதில்லை.

கேள்வி (களியக்காவிளை, மைக்செட் தொழில் செய்பவர்): முப்பது வருடமாக மைக்செட் வைத்திருக்கிறேன். பாஸ்காரர்கள் மேடையில் ஆம்பே வைக்கக் கூடாது என்பது என் கருத்து. டி.ஐ.யில் கொடுத்தால் போதும், வெளியே நான் பார்த்துக்கொள்வேன். அவர்கள் ஆம்பை ஏற்றிவிட, அந்த முழக்கம் பாடகர் மைக்கில் நுழைந்து குரல் தெளிவில்லாமல் போகிறது. கமிட்டிக்காரர்கள் என்னைத்தான் திட்டுகிறார்கள்.

பதில்: அண்ணாச்சி, உங்கள் வருத்தம் நியாயமானது. குழித்துறைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் இந்தத் திட்டை வாங்காத மைக்செட்காரரை நான் பார்த்ததில்லை. ஆனாலும் ஆம்பே கூடாது என்பதை என்னால் ஏற்க முடியவில்லை. நான் வாசித்த திருவிழாக்களில் பாஸுக்கென்று தனி மானிட்டர் (மேடையில் இருப்பவருக்குக் கேட்பதற்கான ஸ்பீக்கர்) கிடைத்தது மிகக் குறைவு. பாடகருடைய மானிட்டரிலேயே பாஸையும் சேர்த்து விடுகிறார்கள். அந்த 12 அங்குலப் பெட்டி பாஸைத் தாங்காமல் திணற, அதே பெட்டியில் வரும் குரலும் கலங்கிவிடுகிறது. தனி மானிட்டர் தருவதாக இருந்தால் நாளையே ஆம்பை வீட்டில் வைத்துவிட்டு வருகிறேன். அதுவரை ஆம்ப் என் காதுக்கு மட்டும் கேட்கும் அளவில் இருக்கட்டும், பார்வையாளர்களுக்கு நீங்கள் கொடுங்கள். பாடகர்களின் மைக்குகளில் 100 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டிவிடும் பொத்தானை அழுத்திவிட்டால், நுழைகிற முழக்கத்தின் பெரும்பகுதி அங்கேயே நின்றுவிடும்.

கேள்வி (நெய்யாற்றின்கரை, டிரம்ஸ் வாசிப்பவர்): காலால் மிதித்து அடிக்கும் கிக் டிரம்மை நீங்கள் இருவரும் மறந்துவிட்டீர்கள். சப்பில் (தாழ்ந்த ஒலிகளுக்கான பெரிய ஸ்பீக்கரில்) பாஸும் கிக்கும் ஒன்றாக இறங்கினால் எதுவும் கேட்காது.

பதில்: உண்மை. இரண்டையும் அடிமட்டத்தில் வைக்க இடமில்லை. கிக் 60 ஹெர்ட்ஸ் அருகே அழுத்தமாக இருந்தால் பாஸ் 80 முதல் 100 வரையில் நிற்கட்டும். மெதுவான மெலடிப் பாடல்களில் இதை மாற்றி, பாஸைக் கீழே விடலாம். இதை மிக்ஸரில் சரிசெய்யும் முன்பே நாம் இருவரும் உட்கார்ந்து பேசிவிட வேண்டும். கிக் விழும் இடத்தில் என் சுரம் தொடங்கி, ஸ்னேர் டிரம் அடி விழும் இடத்தில் முடிந்தால், எந்த மைக்செட்டிலும் அது தெளிவாகக் கேட்கும்.

கேள்வி (களியக்காவிளை, அதே மைக்செட்காரர்): வெட்டுப் பொத்தானை நான் அழுத்தாமல் இல்லை. என் பிரச்சினை வேறு. ஒலிச் சோதனையில் மெதுவாக வாசிப்பார்கள். கூட்டத்தைக் கண்டதும் கிட்டாரிலேயே வால்யூமை ஏற்றுவார்கள். இதற்கு என்ன சொல்கிறீர்கள்?

பதில்: இதில் நீங்கள் சொல்வதே சரி, அந்தத் தவற்றை நானும் செய்திருக்கிறேன். ஒரு குருசடி (சிலுவை வைத்த சிறு வழிபாட்டிடம்) திருவிழாவில் இரண்டாவது பாடலின் நடுவே எனக்குக் கேட்கவில்லை என்று கிட்டாரில் ஏற்றினேன். மைக்செட்காரர் வெளியே குறைத்தார். நான் மேலும் ஏற்றினேன், அவர் மேலும் குறைத்தார். அடுத்து ஒரு தாலாட்டுப் பாடல் வந்தபோது நான் பழையபடி இறக்கிக்கொண்டேன், வெளியே பாஸ் முற்றிலும் மறைந்துபோனது. மைதானத்தில் நின்ற என் தம்பி வந்து சொன்னபோதுதான் எனக்குத் தெரிந்தது. அன்றிலிருந்து கிட்டாரின் குமிழில் முக்கால் அளவுக்கு ஒரு வெள்ளைக் கோடு போட்டு வைத்திருக்கிறேன். சோதனையின்போது நிகழ்ச்சியிலேயே மிக வேகமான பாடலை முழு வலிமையோடு வாசித்துக் காட்டுகிறேன். பிறகு எனக்குக் கேட்க வேண்டுமென்றால் ஆம்பின் குமிழைத்தான் தொடுவேன். டி.ஐ. ஆம்புக்கு முன்பே எடுக்கப்படுவதால் அது உங்கள் மிக்ஸரைப் பாதிக்காது. பாஸ் வாசிக்கும் தம்பிகள் எல்லாரும் இந்த ஒன்றையாவது பின்பற்ற வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

கேள்வி (பாறசாலை): உற்சவத்தில் செண்டை மேளக்காரர்கள் மைதானத்தில் நிற்க, நாங்கள் மேடையிலிருந்து சேர்ந்து வாசிக்க வேண்டியிருக்கிறது. தாளம் பிசகிக்கொண்டே இருக்கிறது.

பதில்: அவர்கள் 15 மீட்டர் தள்ளி நின்றால் அவர்களுடைய அடி உங்கள் காதுக்கு வர ஏறத்தாழ 44 மில்லி விநாடி ஆகும். நீங்கள் அதைக் கேட்டு வாசித்து, உங்கள் ஒலி அவர்களிடம் திரும்பும்போது தாமதம் இரட்டிப்பாகிவிடும், காலமும் இழுபடும். செண்டைக்கு அருகில் ஒரு மைக் வைத்து உங்கள் மானிட்டரில் கொடுக்கச் சொல்லுங்கள். மைதான ஒலியைக் கேட்காமல் அந்த மானிட்டரை மட்டும் கேட்டு வாசியுங்கள். அவர்களுக்கும் அவர்கள் காலடியில் ஒரு மானிட்டர் வேண்டும். மைதானத்தில் போகும் அந்தக் கேபிள்களுக்கும் சேர்த்து எர்த்தைச் சோதியுங்கள்.

கேள்வி (மார்த்தாண்டம்): ஐந்து தந்தி பாஸ் அவசியமா?

பதில்: ஐந்தாவது தந்தியின் பி சுரம் 31 ஹெர்ட்ஸ் அருகில் இருக்கிறது. நம் ஊர் மைக்செட்டுகளில் பெரும்பாலானவை அதை வெளியே கொண்டுவராது, அந்தச் சுரத்தோடு சேர்ந்து எழும் உயர்ந்த ஒலிகளை வைத்துத்தான் காது அதை ஊகித்துக்கொள்கிறது. பாடகர்கள் சுருதியை இறக்கச் சொல்லும்போது விரல் இடம் மாறாமல் வாசிக்க உதவும். அதற்காக வாங்கலாம்.

கேள்வி (நாகர்கோவில்): அண்ணா, பாஸ் ஒலி கனமாக வர நல்ல பெடல் ஒன்று சொல்லுங்கள்.

பதில்: தக்கலைக்காரருக்குச் சொன்னதையே வாசியுங்கள். இதே கேள்வி இன்னும் நான்கு வந்திருக்கிறது, அவற்றுக்கும் இதுவே பதில். வலக்கையால் பாலத்துக்கு (கிட்டார் உடலில் தந்திகள் பூட்டப்படும் இடத்துக்கு) அருகில் மீட்டினால் ஒலி இறுக்கமாகவும், கிட்டாரின் கழுத்துக்கு அருகில் மீட்டினால் கனமாகவும் வரும். மோட்டவுன் என்ற அமெரிக்க இசை நிறுவனத்தின் பாடல்களுக்குப் பாஸ் வாசித்த ஜேம்ஸ் ஜேமர்சன், ஆள்காட்டி விரல் ஒன்றை மட்டுமே வைத்து மீட்டியவர். கையை முதலில் கேளுங்கள்.

கேள்வி (குளச்சல்): தந்தி ஒரு மாதத்தில் துருப்பிடிக்கிறது.

பதில்: கடல் காற்றும் வியர்வையும்தான் காரணம். வாசித்து முடித்தவுடன் உலர்ந்த பருத்தித் துணியால் ஒவ்வொரு தந்தியையும் கீழ்ப்புறத்தோடு சேர்த்துத் துடைத்து, பெட்டியில் மூடி வையுங்கள். நம் மாவட்டத்துக்கு இரண்டு பருவமழையும் உண்டு, ஆகவே ஜூனிலும் அக்டோபரிலும் கிட்டாரின் கழுத்து வளைந்திருக்கிறதா என்றும் பாருங்கள்.

கேள்வி (செங்கோட்டை): நிகழ்ச்சியின் நடுவே ஒலி கரகரத்து நின்றுபோனது. கேபிள் மாற்றியும் சரியாகவில்லை.

பதில்: உங்களுடையது ஆக்டிவ் பாஸ் (உள்ளே பேட்டரியில் இயங்கும் வகை) என்றால் 9 வோல்ட் பேட்டரி தீர்ந்திருக்கும். கேபிளைச் செருகி வைத்திருக்கும் வரை அது செலவாகிக்கொண்டே இருக்கும், இடைவேளையில் கழற்றிவிடுங்கள்.

கேள்வி (அருமனை, ஒரு தாயார்): என் மகனுக்குப் பதினாறு வயது. கச்சேரி முடிந்து வந்தால் காதில் இரைகிறது என்கிறான். பயப்பட வேண்டுமா?

பதில்: அம்மா, இதைக் கவனித்துக் கேட்டதற்கு நன்றி. 85 டெசிபலில் எட்டு மணி நேரம் வரை இருக்கலாம் என்றும், ஒவ்வொரு 3 டெசிபல் ஏறும்போதும் அந்த நேரம் பாதியாகக் குறைய வேண்டும் என்றும் ஒரு கணக்கு உண்டு. அதன்படி 100 டெசிபலில் பதினைந்து நிமிடம்தான். மேடையில் சிம்பலுக்கு அருகே அந்த அளவு எளிதாக வந்துவிடும். இரைச்சல் மறுநாள் நின்றுவிட்டாலும் அது எச்சரிக்கைதான். காது அடைப்பான் வாங்கிக் கொடுங்கள், டிரம்ஸிலிருந்து தள்ளி நிற்கச் சொல்லுங்கள், காது மருத்துவரிடம் ஒருமுறை காட்டிவிடுங்கள். போன செவித்திறன் திரும்ப வராது.

கேள்வி (கருங்கல், முதலில் கேட்டவர்): அண்ணா, நீங்கள் எழுதியதை வாசித்துவிட்டு இன்று மாலை ஒலிச் சோதனையில் மீட்டர் வைத்துப் பார்த்தோம். தந்திக்கும் மைக்குக்கும் இடையே 110 வோல்ட் காட்டுகிறது. ஜெனரேட்டரில் ஓடுகிறது. ஏழு மணிக்கு நிகழ்ச்சி.

பதில்: யாரும் எதையும் தொடாமல் மேடையை விட்டு இறங்குங்கள். ஜெனரேட்டர்காரரை அழைத்து அணைக்கச் சொல்லுங்கள். ஜெனரேட்டருக்கு எர்த் கம்பி மண்ணில் இறக்கப்பட்டிருக்கிறதா, ஆம்பும் மிக்ஸரும் ஒரே எர்த்தில் இருக்கின்றனவா, ஏதாவது பிளக்கில் மூன்றாவது பின் இல்லாமல் இருக்கிறதா என்று எலக்ட்ரீஷியன் ஒருவர் பார்க்கட்டும். சரிசெய்த பிறகு மறுபடி அளந்து, சுழிக்கு அருகில் வந்தால் தொடங்குங்கள். வராவிட்டால் ஏழு மணிக்கு மைக்கும் கிட்டாரும் இல்லாமல் பாடகர் குழு மட்டும் பாடட்டும். கமிட்டிக்காரர்கள் கேட்டால் என்னுடன் பேசச் சொல்லுங்கள், நான் விளக்குகிறேன்.