மக்காச்சோளக் கட்டையைக் குட்டிக்குக் கொடுக்கலாமா?

கேள்வி: தோட்டத்துக் காவலுக்கு ராஜபாளையம் குட்டி ஒன்று வளர்க்கிறோம். 5 மாதம் ஆகிறது. செருப்பு ஒன்றும் மிஞ்சுவதில்லை, சொட்டுநீர்க் குழாயையும் இரண்டு இடத்தில் கடித்துவிட்டது. மணி உதிர்த்த மக்காச்சோளக் கட்டையைப் போட்டால் மட்டும் ஒரு மணி நேரம் சத்தமில்லாமல் கிடக்கிறது. அதையே கொடுத்து வரலாமா? வேறு என்ன விளையாடத் தரலாம்?
– விவசாயி, குடிமங்கலம்

பதில்: வேண்டாம். கட்டையை இன்றோடு நிறுத்திவிடுங்கள். குழாயைக் கடித்தால் ஒரு ஜாயின்டர் செலவோடு போகும். கட்டைத் துண்டு குடலில் மாட்டினால் பெரும்பாலும் ஆபரேஷன்தான்.

மாட்டுக்கு அரைத்துப் போடுகிறோமே, நாய்க்கு மட்டும் என்ன என்று தோன்றும். மாட்டின் பெருவயிற்றில் நாரைச் செரிக்க நுண்ணுயிர்கள் இருக்கின்றன. நாய்க்கு அந்த வசதி இல்லை. விழுங்கிய துண்டு கரையாமல் அப்படியே கிடக்கும். சில நேரம் இரைப்பையில் பல நாள் சும்மா இருந்துவிட்டு, அப்புறம் நகர்ந்து சிறுகுடலை அடைக்கும். அதற்குள் கட்டை கொடுத்ததையே நாம் மறந்திருப்போம். எக்ஸ்ரேயிலும் எலும்பு, இரும்பு மாதிரி பளிச்சென்று தெரியாது. அதனால் குட்டி குடித்த தண்ணீரைக்கூட வாந்தி எடுத்தால், தீனி தொடாமல் முதுகைக் கூனி நின்றால், சாணி போகாமல் முக்கினால், டாக்டரிடம் முதல் வார்த்தையாகக் கட்டையைப் பற்றிச் சொல்லிவிடுங்கள். மாங்கொட்டைக்கும் இதே கதைதான்.

கட்டைக்கு அடுத்து நான் பயப்படுவது நூலும் கயிறும். சாக்குத் தைக்கும் நூல், பிரிந்த நைலான் கயிறு எல்லாம் களத்தில் கிடக்கும். ஒரு முனை நாக்கின் அடியிலோ இரைப்பையிலோ சிக்கிக்கொள்ள, மறுமுனை குடலுக்குள் இறங்கும். சுருக்குப் பையின் கயிற்றை இழுத்தது போலக் குடல் மடிந்து, நூல் அதை அறுக்கும். ஆசனவாயில் நூல் தொங்கினால் ஒருபோதும் இழுக்காதீர்கள்.

சரி, என்ன தரலாம்? 4 முதல் 7 மாதம் வரை பால் பல் விழுந்து நிலைப் பல் முளைக்கும் காலம். ஈறு ஊறுவதால் கடிக்கிறது, அடித்துத் திருத்த முடியாது. கடைப் பொம்மை வாங்கினால் கெட்டி ரப்பராக, நகத்தால் அழுத்தினால் சற்றே குழிவதாகப் பாருங்கள். கல் போல இருந்தால் பல் உடையும். குட்டியின் வாய்க்குள் முழுசாகப் போகக்கூடாது. ராஜபாளையம் வேகமாக வளரும் இனம். இன்று சரியாக இருக்கும் பந்து இரண்டு மாதத்தில் தொண்டையை அடைக்கும் அளவாகிவிடும். அமுக்கினால் கீச்சிடும் பொம்மை வேண்டாம், உள்ளே இருக்கும் பீப்பியைப் பிய்த்து விழுங்கிவிடும். பழைய சைக்கிள் டயரை வெட்டிப் போடுபவர்களும் உண்டு. அதன் விளிம்புக்குள் கம்பி இருக்கிறது. வேக வைத்த எலும்பு சிம்பு சிம்பாக உடைந்து குத்தும். செலவில்லாத வழி, குளிர வைத்த முழு கேரட். ஆள் பக்கத்தில் இருக்கும்போது மட்டும் கொடுங்கள்.

நீங்கள் கேட்காவிட்டாலும் இதைச் சொல்லியாக வேண்டும். மக்காச்சோளத்தைத் தின்னும் படைப்புழுவுக்கு 10 கிலோ தவிடு, 2 கிலோ வெல்லம் புளிக்க வைத்து, 100 கிராம் தயோடிகார்ப் பூச்சிமருந்து கலந்து இடுகிறோம். வெல்ல வாசத்துக்கு நாய் தேடிப்போய்த் தின்னும். கலக்கும் நாளிலும் இட்ட பிறகு சில நாளும் குட்டியைக் கட்டிப் போடுங்கள். காலி மருந்து பாட்டிலும் எலி மருந்தும் அதன் வாய்க்கு எட்டக்கூடாது. எச்சில் ஒழுகி உடம்பு நடுங்கினால் உடனே தூக்கிக்கொண்டு ஓடுங்கள், மருந்தின் அட்டை அல்லது பாட்டிலையும் பத்திரமாகக் கையோடு எடுத்துப் போங்கள். எதை விழுங்கியிருந்தாலும் உப்புக் கரைசல் ஊற்றி வாந்தி எடுக்க வைக்காதீர்கள். அந்த உப்பே குட்டியைக் கொன்றுவிடும். உங்களுக்கு உடுமலையிலேயே கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது.

குழாய் விஷயம்: பல் முளைத்து முடியும் வரை, ஆள் இல்லாத நேரத்தில் குட்டியைச் சாளையில் (தோட்டத்துக் கொட்டகையில்) நிழலில் அடைத்து, தண்ணீர் வையுங்கள். கழற்றிப் போட்ட துண்டுக் குழாயை அதற்கு விளையாடக் கொடுத்துவிடாதீர்கள். துண்டுக்கும் வயலில் ஓடும் குழாய்க்கும் வித்தியாசம் அதற்குத் தெரியாது.