அவுட்டுக்காய் – கடிதம்

அன்புள்ள அண்ணா,

பவானிசாகர் பக்கம் இரண்டரை ஏக்கரில் நிலக்கடலை போட்டிருக்கிறேன். காட்டிலிருந்து எண்ணூறு மீட்டர். போன வாரம் ஒரே ராத்திரியில் பன்றிக்கூட்டம் அரை ஏக்கரைப் புரட்டிவிட்டது. 2025 ஜனவரியில் வந்த அரசாணைப்படி காட்டிலிருந்து மூன்று கிலோமீட்டர் தாண்டினால்தான் வனத்துறையினர் சுடலாமாம், ஒன்று முதல் மூன்று வரை பிடித்துக் காட்டில் விடுவார்களாம், ஒன்றுக்குள் எதுவும் கிடையாதாம். காட்டோரத்தில் இருப்பவனுக்குத்தானே சேதம் அதிகம்? விவசாயிக்கே துப்பாக்கி உரிமம் கொடுத்தால் என்ன? வேறு வழியில்லாமல்தான் சிலர் காய் வைக்கிறார்கள். நீங்களோ எப்போதும் விலங்குகள் பக்கமே பேசுகிறீர்கள்.

ஒரு வாசகர்

அன்புள்ள தம்பி,

அரை ஏக்கர் போனது என்றால் எவ்வளவு என்று எனக்குத் தெரியும். பன்றி தின்றதைவிட உழுது போட்டது அதிகமாக இருக்கும். காலையில் அதைப் பார்க்கிறவனுக்கு வயிறு எரியத்தான் செய்யும்.

கிலோமீட்டர் கணக்கில் நீங்கள் சொல்வது நியாயம். உங்களை ஒட்டிய சத்தியமங்கலம் காடு 2013 முதல் புலிகள் காப்பகம், காட்டுக்குள் பன்றி புலிக்கு இரை, அதெல்லாம் சரி, ஆனால் அந்த இரையை உங்கள் கடலையில் வளர்ப்பதற்கு உரிய காசு உங்கள் கைக்கு நேரத்தில் வரவேண்டும். துப்பாக்கி வேண்டாம். இருட்டில் பன்றி எது, பக்கத்துத் தோட்டத்துக் கன்றுக்குட்டி எது?

ஆனால் போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள், ‘சிலர் காய் வைக்கிறார்கள்’ என்று. ஏதோ பூசணிக்காய் மாதிரி.

அந்த அவுட்டுக்காய் என்னவென்று சொல்கிறேன். எலுமிச்சம்பழ அளவில் வெடிமருந்தும் கல்லும் சேர்த்து நூலால் இறுக்கிச் சுற்றி, மேலே கொழுப்போ குடலோ தடவி வரப்பில் வைப்பது. கடித்தால் வெடிக்கும். பன்றி மட்டும்தான் கடிக்கவேண்டும் என்று அதற்குத் தெரியாது. எனக்குப் பத்து வயதிருக்கும்போது அப்புச்சி வீட்டுச் செவலைப்பசு கடித்தது. கீழ்த்தாடை தொங்கிக்கொண்டு, நாக்கு பாதி இல்லாமல், நடந்தே கட்டுத்தறிக்கு வந்து தன் இடத்தில் நின்றது. அம்மாயி கஞ்சியை ஆற்றி மூங்கில் குழாயில் ஊற்றுவார், அது ரத்தத்தோடு கீழே வழியும், அவர் மறுபடியும் ஊற்றுவார். கன்றை அவிழ்த்துவிட்டால் அது மடியை முட்டும், செவலை அதை நக்கப் பார்க்கும். நான்காம் நாள் செத்தது. காய் வைத்தவர் அடுத்த தோட்டத்துக்காரர்தான், ஊருக்கே தெரியும். அவரே மண்வெட்டியோடு வந்து குழி வெட்டினார். அப்புச்சி ஒன்றும் கேட்கவில்லை. அதற்கப்புறம் இருவரும் ஒரே பரணில் ராக்காவல் இருந்தார்கள். தகரத்தைத் தட்டுவதும் பீடியும்தான், பேச்சு கிடையாது.

2020இல் பாலக்காடு மாவட்டத்தில் வாய் வெடித்த சினையானை வெள்ளியாற்றுத் தண்ணீரில் நின்றபடியே செத்தபோது நாடே அழுதது. வெடி அன்னாசிக்குள் இருந்தது என்றார்கள், அப்புறம் தேங்காய்க்குள் என்றார்கள். எனக்கு அந்தக் குழாய்தான் ஞாபகம் வந்தது. மாட்டுக்கு யார் அழுகிறார்கள்?

இதில் விலங்குகள் பக்கம், விவசாயி பக்கம் என்று என்ன இருக்கிறது தம்பி? செவலை எந்தப் பக்கம்?

  

உங்கள் ஊரில் யார் காய் வைக்கிறார்கள் என்று உங்களுக்குத் தெரியும், கடிதத்தைப் படித்தாலே தெரிகிறது. இன்றைக்கே போய் அவரைப் பாருங்கள். மிச்சமிருக்கும் இரண்டு ஏக்கருக்கு ராத்திரிக் காவலுக்கு அவரையே கூப்பிடுங்கள். கடலை பிடுங்கியதும் எழுதுங்கள்.