ஒன்பதாம் கேள்விக்கு யார் பொறுப்பு? – இளையோர் மனநல ஆய்வு: கேள்வி பதில்

இளையோர் மனநலம் பற்றிய செவிலிய ஆய்வு குறித்து நீலகிரியின் பல ஊர்களிலிருந்து வந்த கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன். தனிப்பட்ட சிகிச்சை பற்றிக் கேட்டவர்கள் மருத்துவரை நேரில் பாருங்கள். எழுத்தில் அதைச் சொல்வது முறையாகாது.

குன்னூர், எம்.எஸ்சி. செவிலிய மாணவி: சிஸ்டர், ஒரு பள்ளியில் 60 பேருக்கு மனச்சோர்வு பற்றி வகுப்பெடுத்து, முன்தேர்வும் பின்தேர்வும் வைத்து ஆய்வேடு எழுதலாமா?

மதிப்பெண் உயரும், அதில் உங்களுக்கு ஐயமே வேண்டாம். இந்தத் திங்கட்கிழமை சொல்லிக்கொடுத்ததை அடுத்த திங்கட்கிழமை அதே வினாத்தாளில் கேட்டால் எந்த வகுப்பிலும் மதிப்பெண் உயரத்தான் செய்யும். ஒப்பிட்டுப் பார்க்க வேறொரு குழு இல்லாதபோது, அந்த உயர்வுக்கு உங்கள் வகுப்புதான் காரணம் என்று வாதிட முடியாது. அப்படி உயர்ந்ததால் ஒரு பிள்ளையாவது உதவி தேடிப் போனதா என்பதும் தெரியாது. நம் கல்லூரி நூலகங்களில் இதே அச்சில் வார்த்த ஆய்வேடுகள் போதுமான அளவுக்கு மேலேயே இருக்கின்றன.

பீகாரின் நாளந்தா மாவட்டப் பள்ளிகளில் நடந்து 2018-இல் வெளியான 'சேஹர்' ஆய்வைப் படித்துவிட்டுத் தலைப்பை முடிவு செய்யுங்கள். ஒரே திட்டத்தைச் சில பள்ளிகளில் பயிற்சி பெற்ற உள்ளூர் ஆலோசகர்களும், வேறு சில பள்ளிகளில் ஆசிரியர்களும் நடத்தினார்கள். ஆலோசகர் நடத்திய இடங்களில் பள்ளிச் சூழல் மேம்பட்டு, மனச்சோர்வு அறிகுறிகளும் மாணவர்களிடையிலான துன்புறுத்தலும் குறைந்தன. ஆசிரியர் நடத்திய இடங்களில் அந்தப் பலன் கிடைக்கவில்லை. என்ன சொன்னோம் என்பதைப் போலவே, சொன்னவர் யார், பிள்ளைகள் அவரை எப்போது தனியே சந்திக்க முடிந்தது என்பதும் முக்கியம் என்றே இதை நான் படிக்கிறேன். ஆலோசகர் இருந்த இடத்தில் ஒரு செவிலியர் இருந்தால் என்ன ஆகும் என்பதுதான் நம் துறை கேட்க வேண்டிய கேள்வி. முதுநிலை மாணவியால் அவ்வளவு பெரிய ஆய்வைச் செய்ய இயலாது. ஆனால், துன்பம் வந்தபோது முதலில் யாரிடம் சொன்னீர்கள், அவர் என்ன செய்தார் என்று பதினைந்து இளைஞர்களிடம் தனித்தனியே அமர்ந்து கேட்க இயலும். அதில் புதிதாக ஏதாவது கிடைக்கும்.

மனச்சோர்வை அளக்கும் ஒன்பது கேள்வி வினாத்தாள்தான் வேண்டுமென்றால், வகுப்பறையில் அதை நிரப்பும்போது உடனிருந்து பாருங்கள். ஒரு பெஞ்சில் நான்கு பேர் தோளுரச உட்கார்ந்திருப்பார்கள். முதல் பிள்ளை 'இல்லை' என்ற கட்டத்தில் வரிசையாகக் குறியிட, அடுத்த மூவரும் அதையே இடுவார்கள். ஒன்பதாம் கேள்வியில் மட்டும் ஒரு குறி அழுத்தி அழிக்கப்பட்டுத் தாள் மெலிந்திருக்கும். கணினியில் ஏற்றும்போது அது வெறும் சுழியாகத்தான் பதிவாகும்.

உதகை, கல்லூரி மாணவர்: இளைஞர்களின் மனநலக் கேட்டுக்குக் கைப்பேசிதான் காரணமா?

2019-இல் வெளியான ஒரு பெரிய பகுப்பாய்வு, வளரிளம் பருவத்தினரின் நலவாழ்வில் காணப்படும் வேறுபாட்டில் அதிகபட்சம் 0.4 விழுக்காட்டையே மின்னணுக் கருவிப் பயன்பாட்டால் விளக்க முடியும் என்றது. இரவில் அது தின்னும் தூக்கத்தைப் பற்றி ஆராயுங்கள்.

கோத்தகிரி, ஓய்வுபெற்ற ஆசிரியர்: அந்த ஒன்பதாம் கேள்வி என்ன? தற்கொலை எண்ணம் உண்டா என்று பிள்ளைகளிடம் கேட்பது, இல்லாத எண்ணத்தை நாமே விதைப்பதாகாதா?

ஐயா, மனச்சோர்வை அளக்கும் பி.எச்.க்யூ-9 என்ற வினாத்தாளின் கடைசிக் கேள்வி அது. கடந்த இரண்டு வாரங்களில் செத்துப்போவதே மேல் என்றோ, தன்னைக் காயப்படுத்திக்கொள்ள வேண்டும் என்றோ தோன்றியதா என்று கேட்கும். கேட்பதால் எண்ணம் விதைக்கப்படும் என்ற அச்சம் ஆராயப்பட்டிருக்கிறது. நியூயார்க் மாநிலத்தின் 6 உயர்நிலைப் பள்ளிகளில் 2,342 மாணவர்களிடம் நடத்தி 2005-இல் வெளியான ஆய்வில், முதல் நாள் ஒரு பகுதியினரிடம் மட்டும் தற்கொலை பற்றிக் கேட்டு, இரண்டு நாள் கழித்து அனைவரிடமும் கேட்டார்கள். முன்பே கேட்கப்பட்டவர்களிடம் மனவேதனையோ தற்கொலை எண்ணமோ கூடியிருக்கவில்லை. ஏற்கெனவே சோர்ந்திருந்தவர்களிடம் வேதனை சற்றுக் குறைந்தே காணப்பட்டது.

ஆபத்து வேறிடத்தில் இருக்கிறது. அந்தக் கேள்விக்கு 'சில நாட்கள்' என்றாவது குறியிட்ட பிள்ளையின் தாளை மூன்று வாரம் உறையில் போட்டு வைப்பதுதான் ஆபத்து. தாள்களை அன்றே, பள்ளியை விட்டுக் கிளம்புமுன் பாருங்கள்.

அதே ஆசிரியர்: நியூயார்க் வேறு, எங்கள் ஊர் வேறு அம்மா. ஒரு பேச்சுக் கிளம்பினால் அந்தப் பெண்ணின் படிப்பையே நிறுத்திவிடுவார்கள்.

இது முதலில் நீங்கள் சொன்னதிலிருந்து வேறுபட்ட மறுப்பு, இதை ஏற்கிறேன். விதைப்பது கேள்வியன்று, பதில் வெளியே கசிவதுதான் கெடுக்கிறது. பெயருக்குப் பதில் எண் இட்டு, எண்ணையும் பெயரையும் இணைக்கும் பட்டியலை ஒருவர் மட்டும் பூட்டி வைக்க வேண்டும். 'இன்ன ஹட்டியை (படகர் ஊரை)ச் சேர்ந்த பதினாறு வயதுப் பெண்' என்று ஆய்வேட்டில் எழுதினாலே முப்பது வீடுள்ள ஊரில் அவள் யாரென்று தெரிந்துவிடும்.

பந்தலூர், கிராம சுகாதார செவிலியர்: கேட்கலாம் என்கிறீர்கள், சிஸ்டர். மழைக்காலத்தில் மரம் விழுந்து சாலை அடைபட்டால் நான் எங்கே அனுப்புவேன்?

ஆசிரியருக்குச் சொன்னதைவிட உங்களுக்குச் சொல்வது கடினம். அனுப்பும் வரை செய்ய வேண்டியவை உங்கள் கையில் இருக்கின்றன: பிள்ளையைத் தனியே விடாதிருத்தல், நம்பும் ஒரு பெரியவரை அழைத்தல், 14416 என்ற டெலி மானஸ் (அரசின் தொலைபேசி மனநல உதவி) எண்ணில் உடனிருந்து பேசவைத்தல், வீட்டிலுள்ள பூச்சிமருந்தை அன்றே அப்புறப்படுத்தச் செய்தல். கடைசி வேலையை யாரும் ஆய்வாக எண்ணுவதில்லை. கொடிய நச்சுப் பூச்சிமருந்துகளை 1995-இலும் எண்டோசல்பானை 1998-இலும் இலங்கை தடுத்தபின் அங்கே தற்கொலை இறப்புகள் பெருமளவு குறைந்தன. 1964 இந்திய-இலங்கை ஒப்பந்தத்தின்படி அங்கிருந்து தாயகம் திரும்பிய குடும்பங்கள் நிறைந்த உங்கள் பகுதியில், தேயிலைக்கும் காய்கறிக்கும் அடிக்கும் மருந்து வீட்டுக்குள் எங்கே வைக்கப்படுகிறது என்று பதிவு செய்வதே நல்ல ஆய்வு. ஜூன் முதல் ஆகஸ்ட் வரை தரவு திரட்டத் திட்டமிடாதீர்கள்.

குன்னூர் மாணவி: இவ்வளவு பொறுப்பு என்றால், ஒன்பதாம் கேள்வியை எடுத்துவிடலாமா?

எடுக்கலாம். பி.எச்.க்யூ-8 என்று எட்டுக் கேள்வி வடிவமே புழக்கத்தில் உள்ளது. ஆனால் கேட்காததைப் பற்றி முடிவுரையில் ஒரு வரியும் எழுதக் கூடாது. கேள்வியை எடுத்துவிட்டாலும் பிள்ளை வெளியே வந்து உங்களிடம் வாய்விட்டுச் சொல்லக்கூடும். அப்போதும் அன்றே பார்க்க வேண்டியவர் நீங்கள்தான்.

அரவேணு, பெற்றோர்: கைப்பேசியைப் பறித்துவிட்டால் சரியாகிவிடுமா?

மேலே உதகை மாணவருக்குச் சொன்ன பதிலைப் பாருங்கள்.

கூடலூர், செவிலிய மாணவர்: எத்தனை பேரை ஆய்வில் சேர்க்க வேண்டும்?

எதை அளக்கிறீர்கள் என்று சொல்லாமல் எண்ணிக்கை கேட்கிறீர்கள். அதை முடிவு செய்துகொண்டு புள்ளியியலாளரிடம் போங்கள். தாள்களை அன்றே பாருங்கள்.

குன்னூர், யோகா பயிற்றுநர்: பள்ளியில் தியானம் கற்பித்தால் மனச்சோர்வு குறையும்தானே?

பிரிட்டனில் எண்ணாயிரத்துக்கும் மேற்பட்ட மாணவர்களிடம் நடந்து 2022-இல் வெளியான ஆய்வில், கவனத் தியானம் கற்பித்த பள்ளிகள் வழக்கமான பாடம் நடத்திய பள்ளிகளைவிட மேலாக இல்லை. 'தானே' என்று முடியும் கேள்வி ஆய்வுக் கேள்வி ஆகாது.

உதகை, விடுதிக் காப்பாளர்: எங்கள் மாணவர்களின் பெற்றோர் வெளியூரில் இருக்கிறார்கள். நான் ஒப்புதல் கையெழுத்து இடலாமா?

கூடாது. உங்கள் அனுமதி ஆய்வாளர் வாசலுக்குள் வருவதற்கு மட்டுமே. 18 வயதுக்குட்பட்டவருக்குப் பெற்றோரின் ஒப்புதல் வேண்டும். அதோடு, இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017 நெறிமுறைகளின்படி 7 முதல் 12 வயது வரை பிள்ளையின் வாய்மொழி இசைவும், அதற்குமேல் எழுத்திலான இசைவும் பெற வேண்டும். பெற்றோர் சம்மதித்தும் பிள்ளை மறுத்தால் அந்தப் பிள்ளையை விட்டுவிட வேண்டும். இன்னொன்று: 'எதையும் யாரிடமும் சொல்ல மாட்டோம்' என்று இசைவுப் படிவத்தில் எழுத ஆய்வாளரை அனுமதிக்காதீர்கள். பாலியல் வன்முறை தெரியவந்தால் 2012-ஆம் ஆண்டின் போக்சோ சட்டப்படி புகார் அளிப்பது கட்டாயம். அதைப் பேச்சு தொடங்குமுன்பே பிள்ளைக்குச் சொல்லிவிட வேண்டும்.